லாரிங்கோஸ்கோப்: நோக்கியா, காட்டியா?

"தாடையில வேலை இருக்கு, வாய் காலியா இருக்கணும். மூக்கு வழியா மூச்சு டியூப் போட்டு மயக்கம் குடுப்போம். வீடியோ லாரிங்கோஸ்கோப் வச்சுப் பாத்துக்குவோம்" என்றார் மயக்க டாக்டர். நாட்டுப்படகு விளிம்பில் இடித்துத் தாடை உடைந்த பாம்பன் மச்சான், பேச முடியாமல் என்னைப் பார்த்தார். "சங்குக்குள்ள எட்டிப் பாக்குற சாமான் மச்சான்" என்றேன். தலையாட்டிவிட்டார். "சங்க அறுத்துருவேன்" என்று சண்டை போடுகிற ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

லாரிங்ஸ், ஸ்கோப் இரண்டும் கிரேக்க வேர்கள். முதலாவது குரல்வளை, இரண்டாவது பார்ப்பது. நுண்ணோக்கி, தொலைநோக்கி வரிசையில் குரல்வளைநோக்கி என்றாகிவிட்டது. பழந்தமிழில் 'வளை' சங்குக்கும் பெயர். கடற்கரையில் நண்டுப் பொந்தும் வளைதான்; எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

நண்டு வளைக்குள் பார்க்கக் கன்னத்தை மணலில் பதித்துப் படுப்போம். கண்ணும் வளையும் ஒரே கோட்டில் வந்தால்தான் உள்ளே தெரியும். கேமரா இல்லாத நேரடி லாரிங்கோஸ்கோப்பும் அப்படியே. தகட்டால் நாக்கை ஒதுக்கித் தூக்கி, டாக்டர் தன் கண்ணாலேயே குரல்நாண்களைப் பார்க்கிறார். மூக்கு வழியே இறங்கும் டியூப் தொண்டையின் பின்பக்கமாக வந்து நிற்கும். அதை முன்னே மூச்சுக்குழல் பக்கம் திருப்பிவிடப் பல நேரம் மகில் என்கிற வளைந்த இடுக்கி வேண்டும். வீடியோ கருவியில் கேமரா தகட்டு நுனிக்குப் பக்கத்தில் இருப்பதால் வளைவுக்கு அப்பாலும் திரையில் தெரிகிறது. இடுக்கிக்கு அவ்வளவாக வேலை வராது. ஆனால் மூக்கில் கசிந்த ரத்தம் லென்ஸில் பட்டால் திரை மங்கிவிடும். வழி பளிச்சென்று தெரிந்தும் டியூப் நுழைய மறுக்கிற நேரமும் உண்டு.

இதற்கெல்லாம் தொடக்கம் மயக்க டாக்டர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார். 1854இல் மானுவல் கார்சியா, பல் டாக்டரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். 1895இல் ஜெர்மன் டாக்டர் கிர்ஷ்டைன் கண்ணாடி இல்லாமல் நேராகப் பார்த்தார். மயக்க டாக்டர் மெக்கின்டாஷின் வளைந்த தகடு 1943இல் வந்தது.

எனக்கு ஒரு சின்னப் பிணக்கு. டாக்டர் தன் கண்ணால் நேரே பார்க்கும் கருவிக்கு 'நோக்கி' பொருந்தும் (பழைய போனைச் சொல்லவில்லை). திரையில் படம் காட்டுவதற்கும் அதே பெயர் ஏன்? படகில் திசைகாட்டி என்கிறோமே, அதுபோலக் குரல்வளைகாட்டி என்று சொல்லிப் போகலாம். அப்படிப் பார்த்தால் கார்சியா கையில் இருந்ததும் காட்டிதான்.