நீச்சல் நடுவரின் கண் எங்கே தவறும்?

ரிலே பந்தயத்தில், நீந்தி வருபவரின் கை சுவரைத் தொடும் முன்பே அடுத்தவரின் கால் மேடையை விட்டால் மொத்த அணிக்கும் தகுதிநீக்கம். கையையும் காலையும் ஒரே நேரத்தில் கூர்ந்து பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. அதனால் பயிற்சி பெற்ற நடுவர் முதலில் கால்விரல்களை மட்டுமே பார்ப்பார். அவை மேடையை விட்டதும் பார்வையைச் சட்டென்று சுவருக்கு இறக்குவார். அப்போதும் கை வந்து சேரவில்லை என்றால்தான் தவறு என்று குறிப்பார்.

பார்வை கீழே இறங்க 0.1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் 20 சென்டிமீட்டர் முன்னேறிவிடுவார். மயிரிழையில் அவசரப்பட்ட அணி தப்பித்துவிடும். ஒழுங்காகக் குதித்த அணி மாட்டிக்கொள்ளாது. பிழை நேர்ந்தே தீரும் என்றால் அது வீரருக்குச் சாதகமாகவே நேரட்டும் என்று யோசித்து அமைத்த முறை இது. பெரிய போட்டிகளின் மின்னணுக் கருவிகளிலும் 0.03 விநாடி வரை இந்தச் சலுகை உண்டு.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது: கண்ணில் படாத தவறு தண்டனையின்றிப் போகும். குளத்தின் அகலம் 25 மீட்டர். ஓரமாக நடக்கும் நடுவரின் பார்வை நடுத்தடங்களுக்குப் போகும்போது நீர்ப்பரப்பை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகிறது. அந்தச் சாய்வில் விளக்கொளி பளபளவென்று எதிரொளிக்கும். ஒளிவிலகலால் நீருக்குள் இருக்கும் உடல் உண்மையான ஆழத்தைவிட மிக மேலே இருப்பதாகத் தெரியும். போதாக்குறைக்கு நுரையும் அலையும். தவளையைப் போல நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் குதித்ததும் நீருக்கடியில் ஒரே ஒரு டால்பின் உதைக்குத்தான் (இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பது) அனுமதி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 58.46 விநாடியில் உலக சாதனையோடு 100 மீட்டர் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், கூடுதலாக உதைத்ததைப் பின்னர் தானே ஒப்புக்கொண்டார். நீருக்கடியில் பதிவான காட்சிகள் அப்போது தீர்ப்புக்குப் பயன்படவில்லை. முறையாக நீந்தியவர்களுக்கு இழைத்த அநீதி இல்லையா இது?

கண் பார்த்ததை எழுத்தில் வைப்பதிலும் தீர்ப்பு சறுக்கும். 2004 ஏதென்ஸில் மல்லாந்து நீந்தும் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இரண்டு விநாடிக்கும் மேல் முந்திவந்த அமெரிக்க வீரர் ஆரன் பியர்சோலைத் தகுதிநீக்கம் செய்தார்கள். நடுவர் எழுதித் தந்த விளக்கம் போதுமானதாக இல்லை என்பதால் முடிவு ரத்தானது. தங்கம் அவருக்கே கிடைத்தது.

சில நேரம் விதியே கண்ணால் அளக்க முடியாததைக் கேட்கிறது. 2022 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 24.12 விநாடியில் முடித்த அமெரிக்க வீரர் ஜஸ்டின் ரெஸ், உடலின் ஒரு பகுதியாவது நீருக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதியை மீறி, சுவரைத் தொடுகையில் முழுவதும் மூழ்கியிருந்தார் என்று நீக்கப்பட்டார். முறையீட்டுக்குப் பின் காட்சிகளைப் பார்த்து, தங்கத்தை அவருக்கே தந்தார்கள். நீர் தெறிக்கும் அந்தக் கணத்தில் உடலின் ஏதோ ஒரு பகுதி மேலே இருந்ததா என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? பிறகு விதியையே தளர்த்தினார்கள். இப்போது தலை கடைசி 5 மீட்டர் குறியைத் தாண்டிவிட்டால் வீரர் முழுவதும் மூழ்கியபடியே சுவரைத் தொடலாம்.