கொண்டோ வந்தால் ஜாம் எவ்வளவு, புகை எவ்வளவு: அந்தக் கணக்கைப் போடுவது எப்படி?

சாலையோரக் காலி நிலத்தில் மேம்பாட்டு அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டால், அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டே கேள்விதான் ஓடும்: ஜாம் இன்னும் மோசமாகுமா, தூசியும் புகையும் கூடுமா? மேம்பாட்டாளர் இதே கேள்விகளுக்குத்தான் ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்து அறிக்கை எழுத வைக்கிறார். கோலாலம்பூரில் போக்குவரத்து அறிக்கை மாநகர் மன்றத்துக்குப் போகும். தடிமனாக இருக்கும், வண்ண வரைபடமெல்லாம் இருக்கும், பெரும்பாலும் தாக்கத்தைச் சமாளிக்கலாம் என்றே முடியும். அதற்குள் இருக்கும் கணிதத்தில் பொதுவாகக் குறை இருக்காது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும், உள்ளே என்ன எண்ணைப் போட்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

செந்தூல் பக்கம் ஜாலான் ஈப்போவில் 600 வீடுகளோடு ஒரு கொண்டோ வருகிறது என்று சும்மா வைத்துக்கொள்வோம். முதல் வேலை, சுற்றியுள்ள சந்திப்புகளில் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் வண்டிகளை எண்ணுவது. நேராகப் போவது எத்தனை, வலம் திரும்புவது எத்தனை, கார், மோட்டார், லோரி, பஸ் தனித்தனியாக. அப்புறம் எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றுவார்கள். லோரி ஒரு காருக்கு மேல், மோட்டார் காரில் ஒரு பங்கு. எந்த நாளில் எண்ணினார்கள் என்பது இங்கே பெரிய விஷயம். பள்ளி விடுமுறையில் எண்ணினால் சாலை சமர்த்தாக இருக்கும். நோன்பு மாதத்தில் மாலை நெரிசல் முன்கூட்டியே வந்துவிடும். தைப்பூச ரதம் பத்துமலைக்குப் புறப்படும் நாளில் எண்ணினால் அது எந்தக் கணக்குக்கும் உதவாது. எனவே பின்னிணைப்பைப் புரட்டித் தேதியை முதலில் பாருங்கள்.

அடுத்தது, புதிய கட்டடத்திலிருந்து எத்தனை வண்டி கிளம்பும் என்ற மதிப்பீடு. ஏற்கெனவே உள்ள அதுபோன்ற குடியிருப்புகளில் எண்ணிப் பார்த்து, ஒரு வீட்டுக்கு உச்ச மணி நேரத்தில் இத்தனை பயணம் என்று விகிதம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு 0.3 என்று போட்டால் நம் கொண்டோவுக்கு 180 வண்டி, 0.5 என்றால் 300. பக்கத்தில் ரயில் இருக்கிறது என்று காரணம் சொல்லி விகிதத்தைக் குறைப்பதும் உண்டு. அது நியாயம்தான், எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தின் ஜாலான் ஈப்போ, செந்தூல் பாராட் நிலையங்கள் 2023 மார்ச்சில் திறந்தன. ஆனால் வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரம் வேறு, கூரையில்லாத நடைபாதையில் சாயங்கால மழையில் நடக்கும் தூரம் வேறு.

சரி, அப்படிக் கிளம்பும் வண்டிகளில் ஒரு 60 கார் ஒரே தடத்தில் வந்து கூடினால் என்ன ஆகிவிடும்? பச்சை விளக்கு விழுந்ததும் ஒரு தடத்தில் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். சமிக்ஞையின் ஒரு சுற்று 120 விநாடி, அதில் நமக்குப் பச்சை 48 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 24 கார், மணிக்கு 30 சுற்று, ஆக 720 கார். இப்போது 690 கார் வருகிறது. தடுமாறித் தடுமாறித் தாங்குகிறது. புதிதாக 60 சேர்ந்தால் 750. கூடியது 9 சதவீதம்கூட இல்லை. ஆனால் மணிக்கு 30 கார் தாண்ட முடியாமல் தங்கும், இரண்டு மணி நேரத்தில் 60 கார், ஒரு காருக்கு 7 மீட்டர் வைத்தால் 420 மீட்டர் வால். அதே 60 கார் 400 கார் ஓடும் சாலையில் சேர்ந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். கொள்ளளவை நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேர்கோட்டில் ஏறாது, செங்குத்தாக ஏறும். போக்குவரத்து அறிக்கையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

அறிக்கையோ இதை ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். சமிக்ஞைச் சந்திப்பில் ஒரு வண்டியின் சராசரித் தாமதம் 35 முதல் 55 விநாடி வரை என்றால் டி, 80 விநாடியைத் தாண்டினால் எஃப். சந்திப்பு முழுக்க டி என்று எழுதியிருக்கும்; நாம் வலம் திரும்பும் அந்த ஒரு கை, அதாவது சந்திப்புக்கு நம் பக்கமிருந்து வரும் சாலை, மட்டும் எஃப்பில் கிடக்கும். சராசரி என்றாலே அப்படித்தான்.

இனி காற்று. எத்தனை வண்டி, எவ்வளவு நீளச் சாலை, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி எவ்வளவு கக்கும் என்ற மூன்றையும் பெருக்கினால் சாலையின் மொத்தப் புகை. கடைசி எண் வேகத்தைப் பொறுத்தது. சீராக 60, 70 கிலோமீட்டரில் போகும் கார் குறைவாகக் கக்கும். நின்று நின்று நகரும்போது அதே தூரத்துக்கு மிக அதிகம், போதாததற்கு பிரேக்கும் டயரும் தேய்ந்து தூசி வேறு. போக்குவரத்துப் பகுதியை ஒரு குழுவும் காற்றுப் பகுதியை இன்னொரு குழுவும் எழுதும்போது, முதல் பகுதியில் 420 மீட்டர் வரிசை நிற்க, இரண்டாம் பகுதியில் வண்டிகள் ஜம்மென்று 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அந்தக் காற்றுக் கணக்கு வேறு ஏதோ ஊருக்குப் போட்டது. என்னைக் கேட்டால், முழு அறிக்கையையும் படிக்க நேரமில்லாதவர் இந்த ஒரு பொருத்தத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

கக்கிய புகை எங்கே போகிறது என்பதை 'பரவல் மாதிரி' என்ற கணக்குமுறை சொல்லும். சாலையை ஒரு கோடாக வைத்து, காற்று வீசும் திசையில் புகை எப்படி அகன்று நீர்த்துப் போகிறது என்று கணக்கிடுவது இது. கலிபோர்னியாவில் உருவான கேலைன்4 அப்படிப்பட்ட மென்பொருள். சாலையோரத்தில் அடர்த்தி மிக அதிகம், முதல் சில பத்து மீட்டரிலேயே சட்டென்று இறங்கும், ஏறத்தாழ 200, 300 மீட்டரில் சுற்றுப்புற அளவோடு கலந்துவிடும். ஆனால் எளிய மாதிரிகள் திறந்தவெளியை நினைத்து எழுதியவை. இரு பக்கமும் கோபுரம் எழும்பினால் புகை பள்ளத்தாக்கில் மாட்டியதுபோல் சுழலும். கோலாலம்பூரில் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் வீசும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடும் வேளையும் அதுதான்.

கடைசியாகப் பின்னணி அளவை, அதாவது திட்டம் வராமலே காற்றில் ஏற்கெனவே இருக்கும் மாசை, கூட்டுவார்கள். பத்து மூடாவில் சுற்றுச்சூழல் துறையின் நிலையம் இருக்கிறது, ஆனால் அது காட்டுவது அந்த வட்டாரத்தின் காற்று, நம் சந்திப்பின் காற்று அல்ல. புகைமூட்டக் காலத்தில் அளந்த பின்னணியை வைத்தால் திட்டத்தின் பங்கு கடுகாகத் தெரியும். மழைக்கு மறுநாள் அளந்தால் மொத்தமே வரம்புக்குள் அடங்கிவிடும். நான் முதலில் திறப்பது நைட்ரஜன் டை ஆக்சைடு பக்கத்தைத்தான். நுண்துகள் சுமத்ராவிலிருந்துகூட வரலாம், இது பெரும்பாலும் பக்கத்துச் சாலையிலிருந்தே வருகிறது. மலேசியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 25. வரம்புக்குள் இருக்கிறது என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எந்த வரம்பு என்று கேளுங்கள்.

பரிகாரமாகக் கூடுதல் திருப்புத் தடம், மாற்றிய பச்சை நேரம் என்று எழுதியிருப்பார்கள். நம் கைக்குப் பச்சை 4 விநாடி கூடினால் மணிக்கு 60 கார் கூடுதலாகத் தாண்டும், வாலும் மறையும். அந்த 4 விநாடி எந்தக் கையிலிருந்து எடுத்தது, தாண்டிய கார்கள் அடுத்த சந்திப்பில் எங்கே நிற்கும் என்று ஆட்சேபக் கடிதத்தில் கேட்கலாம். அடுத்த சந்திப்பு ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்தால், அதைச் சேர்த்து மறுபடி எண்ணச் சொல்லலாம்.