பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பில் ப்ராசஸர் மாற்றும் முன்

"தம்பி, சிபியு ரொம்ப ஸ்லோவா இருக்கு. இதுல ஐ7 போட்டுக் குடுத்துடுங்க."

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர் பெட்டியை என் மேசையில் வைத்ததும் சொன்ன வார்த்தை இது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்டெல் ப்ராசஸர்களில் ஐ3-ஐவிட வேகமான ஐ7 எங்கே கிடைக்கும், என்ன விலை என்பது வரை விசாரித்துவிட்டு, கையில் பணத்தோடு வந்திருந்தார்.

அங்கேயே ஆன் செய்தேன். டெஸ்க்டாப் வந்து, மவுஸ் சொன்னபடி கேட்கவே நான்கு நிமிடம் ஆனது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 18 சதவீதம். மெமரி 83. டிஸ்க் 100, அந்த நூறு இறங்கவே இல்லை. ப்ராசஸருக்கு அங்கே வேலையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஐ7 போட்டால் அதுவும் அப்படியே காத்திருக்கும்.

ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க் செய்யும் வேலையை அதைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்வது) இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிடத்துக்குள் ஆன் ஆனது. அந்த ஐ3 இன்றும் அதே கடையில் வேலை பார்க்கிறது.

நம் ஊரில் கேபினெட் முழுவதையும் சிபியு என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் "சிபியு ஸ்லோ" என்று கடையில் போய் நின்றால், உள்ளே இருக்கும் அந்தச் சின்னச் சில்லைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து விலை சொல்லிவிடுவார்கள். ஆகவே கடைக்குப் போகும் முன், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் நூறில் நின்றால் எஸ்எஸ்டி. மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். சிபியு மட்டும் தொண்ணூறு, நூறு என்று நின்றால்தான் ப்ராசஸரைப் பற்றிப் பேசலாம்.

அப்படி நிற்கும் வேலைகள் உண்டு. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்தார். எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது, ரேம் 16 ஜிபி. ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றச் சொன்னால், டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் நான்கு கட்டங்களும் நூறைத் தொட்டு அங்கேயே நின்றன. அவருடையது ஐ3-3220, இரண்டு கோர் (வேலை செய்யும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). அதே சாக்கெட்டில், அதாவது போர்டில் ப்ராசஸர் மாட்டும் இடத்தில், உட்காரும் ஐ7-3770-க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். வீடியோ ரெண்டரிங் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும் வேலை என்பதால் அங்கே மாற்றியது நன்றாகவே பலன் கொடுத்தது. டாலி, வேர்டு, பிரவுசர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த அளவு வித்தியாசம் தெரியாது.

சரி, ப்ராசஸர்தான் குறை என்று தெரிந்துவிட்டது. எதை வாங்குவது? பெரும்பாலானோர் வழுக்கும் இடம் இதுதான். நானும் வழுக்கியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் ஐ3-2100 உள்ள பிராண்டட் பெட்டியைக் கொண்டுவந்தார். சாக்கெட் எல்ஜிஏ 1155. ஐ5-3470-ம் எல்ஜிஏ 1155 தானே என்று செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். மாட்டினேன். சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ரேமைக் கழற்றித் துடைத்தேன், ஸ்லாட் மாற்றினேன், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். அரை நாள் போனது. பழைய ஐ3-யைத் திருப்பி மாட்டியதும் உடனே ஓடியது. அப்புறம்தான் மதர்போர்டின் சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) என்ன என்று பார்த்தேன். க்யூ67.

இன்டெல் 2011-ல் இரண்டாம் தலைமுறையையும் 2012-ல் மூன்றாம் தலைமுறையையும் ஒரே 1155 சாக்கெட்டில்தான் கொண்டுவந்தது. எச்61, எச்67 போன்ற சிப்செட் உள்ள பழைய போர்டுகள் பயாஸ் அப்டேட் கிடைத்தால் மூன்றாம் தலைமுறையை ஏற்கும். ஆனால் அலுவலகப் பெட்டிகளுக்கென்றே வந்த க்யூ65, க்யூ67, பி65 மூன்றுக்கும் இன்டெல் அந்த ஆதரவைக் கொடுக்கவில்லை. சாக்கெட் பொருந்தியது, போர்டு ஏற்கவில்லை. வாங்கிய கடையில் திருப்பி எடுக்கவில்லை. தவறு என்னுடையது என்பதால் அந்த மாணவரின் பணத்தை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து சிப்செட் பெயரைப் பார்க்காமல் யாருக்கும் ப்ராசஸர் பெயர் சொல்வதில்லை.

அசெம்பிள்டு சிஸ்டத்துக்கும் பிராண்டட் சிஸ்டத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. அசெம்பிள்டு பெட்டியின் மதர்போர்டைப் பல விதமான ப்ராசஸர்களோடு விற்க வேண்டும் என்று நினைத்தே தயாரிக்கிறார்கள். பிராண்டட் பெட்டியில் போர்டு, பயாஸ், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகம்) எல்லாமே அந்த ஒரு மாடலுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த நிறுவனம் பயாஸில் சேர்க்காத ப்ராசஸரை வெளியிலிருந்து யாரும் சேர்க்க முடியாது.

அதனால் நான் பின்பற்றும் வழி எளிமையானது. அதே மாடலை அந்த நிறுவனம் புதிதாக விற்றபோது எந்தெந்த ப்ராசஸரோடு விற்றது என்று பார்ப்பேன். உதாரணத்துக்கு, டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 ஐ3-யோடும் வந்தது, ஐ7-3770-யோடும் வந்தது. அப்படியானால் அந்தப் போர்டு, பயாஸ், எஸ்எம்பிஎஸ் மூன்றும் ஐ7-ஐத் தாங்கும் என்று நிறுவனமே சொன்ன மாதிரி. டெல் பெட்டி என்றால் மேலே ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்கை அவர்கள் தளத்தில் கொடுத்தால் மாடலும் மேனுவலும் கிடைத்துவிடும். மற்ற நிறுவனங்களுக்கு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் போதும்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-3470 என்றால் நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. இரண்டும் மூன்றும் 1155. நான்காம் தலைமுறை 1150. ஆறிலிருந்து ஒன்பது வரை 1151. ஆனால் அதிலும் ஆறும் ஏழும் ஒரு கூட்டம், எட்டும் ஒன்பதும் வேறு கூட்டம். சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் ப்ராசஸர் மற்றதன் போர்டில் ஓடாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் படியுங்கள். ஐ5-3350பி நல்ல ப்ராசஸர்தான், ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகப் பெட்டியில் அதைப் போட்டால் மானிட்டரில் எதுவும் வராது. சர்வர்களுக்காக இன்டெல் செய்த ஜியான் இ3-1230 வி2-வும் அப்படித்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, போர்டு போய்விட்டது என்று பயந்துகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கே என்று முடியும் ப்ராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட, அலுவலகப் பெட்டியின் பயாஸ் விடாது. மானிட்டர் பின்னால் மாட்டும் அளவுக்குச் சிறிய மைக்ரோ பெட்டி வைத்திருந்தால் டி என்று முடிவதைத்தான் பார்க்க வேண்டும். 65 வாட் அடாப்டரில் ஓடும் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 35 வாட் ப்ராசஸருக்காகச் செய்யப்பட்டவை.

வாட் கணக்கு பெரிய பெட்டிக்கும் முக்கியம். ஐ3-3220 55 வாட், ஐ7-3770 77 வாட். எஸ்எம்பிஎஸ் இந்த வித்தியாசத்தைத் தாங்கிவிடும். ஹீட்சிங்க் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஐ3-யோடு வந்த பெட்டியில் சிறிய அலுமினிய ஹீட்சிங்க்கும், அதே மாடல் ஐ7-யோடு வந்தபோது பெரியதும் வைத்திருப்பார்கள். வெளியில் வேறு கூலர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் இன்னொரு சிக்கல். பல பிராண்டட் போர்டுகளில் ஃபேன் பிளக் பொதுவான 4 பின் வடிவம் இல்லை. ஃபேன் இல்லை என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கை வந்து நிற்கும். அந்த மாடலுக்குரிய ஹீட்சிங்க்கையே பழைய பொருள் கடையில் தேடுவதுதான் நல்லது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். இதில் நான் மிகவும் பயப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான். இந்த இன்டெல் சாக்கெட்டுகளில் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் பின்கள், தலைமுடி மாதிரி மெல்லியவை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஒருநாள் ஒரு பெட்டி வந்தது. வீட்டிலேயே ப்ராசஸர் மாற்றியிருக்கிறார்கள். ஓடுகிறது, ஆனால் 8 ஜிபி ரேமில் 4 ஜிபிதான் காட்டுகிறது. ரேம் இரண்டும் நன்றாக இருந்தன. ப்ராசஸரை எடுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாக்கெட்டின் மேல் சரிவாகப் பிடித்தேன். தங்க நிறத்தில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்னுகிறது, நாற்று நட்ட வயல் போல. ஓரத்துக்கு அருகில் ஓர் இடத்தில் மட்டும் மினுக்கு இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பின் பக்கத்துப் பின்னின் மேல் படுத்திருந்தது. ப்ராசஸர் சாக்கெட்டில் இறங்கும்போது ஒரு முனை தட்டியிருக்க வேண்டும். ரேமைக் கட்டுப்படுத்துவது ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், ஒரு பின் தொடாவிட்டால் ரேமுக்குப் போகும் ஒரு பாதையே (சேனல்) போய்விடும். மெல்லிய ஊசியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிடம் ஆனது அதை நிமிர்த்த. நிமிர்ந்தது. ஒடிந்திருந்தால் போர்டே போயிருக்கும்.

ஆகவே ப்ராசஸரை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். இரு பக்கமும் உள்ள வெட்டுகளைச் சாக்கெட்டில் இருக்கும் புடைப்போடு ஒத்துப் பார்த்து, நேராக மேலிருந்து வையுங்கள். நகர்த்த வேண்டாம், அழுத்த வேண்டாம். அதற்கு முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூ நான்கையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் போதும்.

மாற்றிய பிறகு ஒரு மணி நேரமாவது வேலை வாங்கி, வெப்பநிலை காட்டும் மென்பொருளில் பாருங்கள். எங்கள் ஊர் மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் அதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஸ்டுடியோக்காரரின் பெட்டியில் ரெண்டர் போட்டபோது 90 டிகிரியைத் தாண்டியது. ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே அடைத்திருந்த தூசியை எடுத்த பிறகு 70-களில் நின்றது.

கடைசியாக, இப்போது வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. "ஐ7 போட்டா விண்டோஸ் 11 ஏறிடுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர்கள் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது. மூன்றாம், நான்காம் தலைமுறைப் பெட்டியில் எவ்வளவு பெரிய ஐ7-ஐப் போட்டாலும் அந்தப் பட்டியலுக்குள் வராது. எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அந்தச் சாக்கெட்டில் உட்காராது.

போன மாதம் ஓர் அப்பா, மகளின் படிப்புக்காக விண்டோஸ் 11 வேண்டும் என்று ஐ7-4790 வாங்கக் கிளம்பியவர், வழியில் என்னிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தார். மகளுக்குத் தேவைப்பட்டது பிரவுசர், தமிழ் டைப்பிங், பைத்தான். பழைய ஐ3-யை அப்படியே விட்டு, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தேன். தமிழ்99 கீபோர்டை அந்தப் பெண் அங்கேயே நின்று செட் செய்து, தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்துப் போனாள்.