பிப் ரிவ்யூ படிவம் அனுப்பியாச்சு, முடிவு வரவில்லை: இப்போது என்ன செய்வது?

பிப் என்பது நோயாலோ உடற்குறையாலோ சிரமப்படுகிறவர்களுக்கு இங்கே அரசாங்கம் கொடுக்கிற உதவிப்பணம், ரிவ்யூ என்பது அதைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று அவர்கள் திரும்பப் பார்ப்பது. அம்மாவின் பிப் ரிவ்யூ படிவத்தை அனுப்பி எட்டு மாதம் ஆகப் போகிறது. தபால்காரர் வந்து போனதும் மாடியிலிருந்தே "பிள்ளை, மண்ணிறக் கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். இங்கிலாந்தில் பெனிபிட் எடுக்கிறவர்களுக்கு அந்த நிற உறையைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இதே நிலையில் இருக்கிற நாலைந்து பேர் என்னிடமும் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "இடையில காசை நிப்பாட்டிப் போடுவாங்களோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரிவ்யூ நடக்கிறது என்பதற்காகக் காசு நிற்காது. படிவத்தைக் காலத்துக்குள் அனுப்பியிருந்தால், கூப்பிட்ட அசெஸ்மென்டுக்கும் (உங்கள் நிலைமையைக் கேட்டறிகிற நேர்காணல்) போயிருந்தால், முடிவு வரும்வரை பழைய தொகையே நாலு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும். உங்கள் பழைய கடிதத்தில் போட்டிருக்கிற, பிப் முடிகிற தேதி நெருங்கியும் அவர்கள் வேலையை முடிக்கவில்லை என்றால், தேதியை நீட்டி இன்னொரு கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ப்ளூ பேட்ஜ் என்கிற கார் நிறுத்தும் சலுகை அட்டையைப் புதுப்பிக்கவும் வேறு சலுகைகளுக்கும் அதுதான் அத்தாட்சி. தேதி நெருங்கியும் கடிதம் வரவில்லையென்றால் 0800 121 4433 என்ற பிப் இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம், காசு கிடையாது. ஆனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு சமையலே முடித்துவிடலாம், அவ்வளவு நேரம் பாட்டுப் போடுவார்கள்.

பிப் 2013ல் டிஎல்ஏ என்ற பழைய உதவிப்பணத்துக்குப் பதிலாக வந்தது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு 2022லிருந்து வேறு பெயரில் வேறு திட்டம், நான் எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி. வேலை செய்தாலும் கிடைக்கும், வங்கியில் காசு இருந்தாலும் கிடைக்கும், வரி கிடையாது. இரண்டு பகுதி இருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று. குளியல், சமையல், நடை என்று ஒவ்வொரு கேள்விக்கும் சிரமத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி எடுத்தால் சாதாரண தொகை, 12 எடுத்தால் கூடிய தொகை. 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டப் பகுதிக்கு 29.20 அல்லது 77.05 பவுண். அம்மாவுக்கு இரண்டிலும் சாதாரண தொகை, அதாவது நாலு வாரத்துக்கு 412 பவுணும் சில்லறையும்.

ஆனால் பயம் அந்த 412 பவுணைப் பற்றி மட்டும் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக என் தங்கைக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வருகிறது, அந்த ஆண்டுக் கணக்கில் வாரம் 83.30 பவுண். அம்மாவின் அன்றாட வாழ்க்கைப் பகுதி போனால் தங்கையின் காசும் அதோடு போகும். பிப் காசுக்குப் பதிலாக மோட்டபிலிட்டி திட்டத்தில் வாடகைக் கார் எடுத்தவர்களுக்கு நடமாட்டத்தில் கூடிய தொகை போனால் காரும் போகும். ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் பிரிந்து வருகிற மாதிரி. அதனால்தான் ஆட்களுக்கு நித்திரை வருவதில்லை. "அரசாங்கத்தின் காசுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இது விளங்காது, விட்டுவிடுங்கள்.

சரி, இந்த மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது? நீங்கள் அனுப்பியது ஏஆர்1 என்ற படிவம். கடிதம் வந்து ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் தவணை முடியும் முன்பே அடித்து நீட்டித் தரச் சொல்லலாம். பேசாமல் விட்டால்தான் காசை நிறுத்துவார்கள். படிவம் போய்ச் சேர்ந்ததும் சிலருக்குக் குறுஞ்செய்தி வரும். அதன்பிறகு அது வரிசையில் கிடக்கும். பல மாதம் கிடக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போயிருக்கிறது. தாமதமாவதால் உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை, உங்கள் படிவத்தை இன்னும் யாரும் திறக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் விஷயம். திறந்ததும் டிடபிள்யூபி, அதாவது உதவிப்பணங்களைக் கொடுக்கிற அரசுத் துறை, அதிகாரி படிவத்தையும் நீங்கள் வைத்த மருத்துவக் கடிதங்களையும் பார்த்து அப்படியே முடிவெடுக்கலாம். போதாது என்று நினைத்தால் அசெஸ்மென்ட் கம்பெனிக்கு அனுப்புவார். 2024 செப்டெம்பரிலிருந்து லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் இன்ஜியஸ், மிட்லண்ட்ஸுக்கும் வேல்ஸுக்கும் கேபிட்டா, வட இங்கிலாந்துக்கு மெக்ஸிமஸ், தென்மேற்குக்கு சேர்கோ. அங்கே ஒரு நேர்ஸோ பிசியோவோ பரமெடிக்கோ பேசுவார், பெரும்பாலும் போனில். அவர் எழுதுவது அறிக்கை மட்டுமே. முடிவெடுப்பது டிடபிள்யூபி அதிகாரி. இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வாதம், கைவிரல்கள் காலையில் மடங்காது. முதல்முறை விண்ணப்பித்தபோது போன் அசெஸ்மென்டில் நான்தான் மொழிபெயர்த்தேன். "குளிக்க உதவி வேண்டுமா?" என்று கேட்டார்கள். அம்மா, "எப்பிடியோ சமாளிக்கிறன்" என்றார். நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தச் "சமாளிக்கிறன்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தங்கை கதவுக்கு வெளியே நிற்பாள், தொட்டியிலிருந்து எழும்பும்போது கையைப் பிடித்துத் தூக்குவாள், இரண்டு முறை வழுக்கி விழுந்த பிறகு அம்மா தனியாகக் கதவைப் பூட்டிக் குளித்ததே இல்லை. அறிக்கையில் வந்தது என்னவென்றால், தானாகக் குளிக்கிறார், 0 புள்ளி. சமையலுக்கு 2, உடுப்பு மாற்ற 2, கழிவறைக்கு 2, மொத்தம் 6. அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் இன்னொருவர் கை வேண்டும் என்றால் 3 புள்ளி என்று விதியில் இருக்கிறது. அதைச் சொல்லி மறுபரிசீலனை கேட்ட பிறகுதான் 9 ஆனது.

நம் ஆட்களில் வயது போனவர்கள் யாரைக் கேட்டாலும் "பரவாயில்லை", "கடவுளே எண்டு இருக்கிறம்" என்றுதான் சொல்வார்கள். அந்நியரிடம் நோவைச் சொல்லிக்காட்டுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அதை மாற்ற முடியாது, ஆனால் கேள்வி என்ன என்பதை முன்பே விளக்கலாம். விதி கேட்பது, ஒரு வேலையை உங்களால் செய்ய முடியுமா என்பதை மட்டும் இல்லை. ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான அளவு திரும்பத் திரும்ப, மற்றவர் எடுக்கிற நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் செய்ய முடியுமா? நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் முடியாது என்றுதான் கணக்கு. அதுவும் ஆண்டின் பாதி நாட்களுக்கு மேல் அப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நல்ல நாளில் கோயிலுக்குப் போய் வந்தார் என்பதற்காக மற்ற நாட்கள் இல்லை என்று ஆகாது, ஆனால் அந்த மற்ற நாட்களை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். நடையைப் பற்றிக் கேட்டால் "கொஞ்ச தூரம்" என்று சொல்லாதீர்கள். 20 மீட்டர் என்பது கிட்டத்தட்ட இரண்டு டபுள் டெக்கர் பஸ் நீளம், அதற்கு மேல் முடியாதவருக்கு 12 புள்ளி. 50 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் நடக்கக்கூடியவருக்கு 4தான். வீட்டு வாசலிலிருந்து எத்தனையாவது வீட்டில் நிற்கிறார், நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஆறுகிறார் என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. வாசிக்கும் திறனைப் பற்றிய கேள்வியில் ஆங்கிலம் தெரியாது என்பதற்குப் புள்ளி இல்லை, தாய்மொழியில் வாசிக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். சமையல் என்றால் அடுப்பில் ஒரு ஆளுக்கான எளிய சாப்பாடு, விரத நாள் சமையல் இல்லை. ஸ்டூலில் இருந்தபடிதான் சமைக்க முடியும் என்றால் அந்த ஸ்டூலும் உதவிச் சாதனம், 2 புள்ளி.

ஏஆர்1ல் ஒவ்வொரு கேள்வியிலும் கடந்த முறையை விட மாறியிருக்கிறதா என்று கேட்பதால் பலர் "மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். நீங்களும் அப்படி அனுப்பியிருந்தால் பதற வேண்டாம், காத்திருக்கிற இந்த நேரம் அதற்குத்தான். மேலதிக விபரம் என்று தலைப்புப் போட்டு, பெயரையும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தையும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி, என்னென்ன சிரமம் என்று முழுதாக எழுதி அனுப்பலாம். ஸ்பெஷலிஸ்ட் கடிதம் புதிதாக வந்தால் அதன் பிரதியையும் சேருங்கள், மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு போஸ்ட் ஒபிசில் அனுப்பியதற்கான ரசீதும் வாங்குங்கள். நோய் கூடியிருந்தால் அடித்துச் சொல்லுங்கள். குறைந்திருந்தாலும் சொல்ல வேண்டும், மறைத்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அசெஸ்மென்ட் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது. பிப் இலக்கத்துக்கு அடித்து, "அறிக்கையின் பிரதி அனுப்புங்கள்" என்று கேட்கலாம். அந்த அறிக்கைப் படிவத்தின் பெயரான பிஏ4 என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். முடிவு வரும் முன்பே கேட்கலாம். அறிக்கையில் நீங்கள் சொல்லாதது இருந்தால், அல்லது சொன்னது விடுபட்டிருந்தால், முடிவெடுக்கிற அதிகாரிக்கு உடனே எழுதுங்கள். அவரும் அசெஸ்மென்ட் செய்தவரும் ஒரே ஆள் இல்லை என்று மேலே சொன்னது இதற்குத்தான். அறிக்கையை வாசிக்கும்போது கோபம் வரும், "சிரித்த முகத்துடன் பேசினார்" என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். சிரிப்புக்கு எந்த விதியிலும் புள்ளி இல்லை, அந்த வரியை விட்டுவிட்டுக் குளியலையும் நடையையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கோ யாருடைய கலியாணத்துக்கோ ஊருக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். தற்காலிகமாகப் போனால் 13 வாரம் வரை பிப் வரும், வைத்தியத்துக்காகவே போனால் 26 வாரம். ஆனால் நாலு வாரத்துக்கு மேல் என்றால் போகும் முன்பே அறிவிக்க வேண்டும். பெரிய சிக்கல் காசில் இல்லை, கடிதத்தில்தான். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது லண்டன் வீட்டுக்கு அசெஸ்மென்ட் தேதி வந்து, போகாமல் விட்டால் தக்க காரணம் இல்லை என்று பிப்பை முடித்துவிடலாம். கடிதத்தைத் திறந்து பார்க்க ஒரு ஆளை வைத்துவிட்டுப் போங்கள்.

2025ல் புள்ளிகளை இறுக்கப் போகிறார்கள் என்று ஒரு பெரிய பயம் கிளம்பியதே, ஒரு கேள்வியிலாவது 4 புள்ளி எடுக்க வேண்டும் என்று, அந்தத் திட்டத்தை அரசாங்கத்தின் சொந்தக் கட்சி எம்பிக்களே எதிர்த்ததால் ஜூலை தொடக்கத்தில் சட்டமூலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பிப்பை முழுதாக ஆராயும் பொறுப்பை அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் கொடுத்தார்கள். அவர் ஈஸ்ட் ஹாம் எம்பி, அங்கே நம் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. புதிய விதி சட்டமாகும்வரை உங்கள் ரிவ்யூவைப் பார்ப்பது பழைய விதிப்படிதான்.

கடைசியில் கடிதம் வரும். திறந்ததும் மேலே இருக்கிற தேதியைப் பாருங்கள், உங்கள் கையில் கிடைத்த நாள் கணக்கில் இல்லை, அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் மறுபரிசீலனை கேட்கத் தவணை. அடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை புள்ளி என்று பாருங்கள். எங்கே குறைத்திருக்கிறார்கள், ஏன் பிழை என்று அந்தக் கேள்வியை மட்டும் பிடித்து எழுதினால் போதும், ஆறு பக்கக் கண்ணீர் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள், மறுபரிசீலனையில் முழுக் கணக்கையும் திரும்பப் பார்ப்பார்கள், கூடவும் செய்யலாம் குறையவும் செய்யலாம், ஆகவே ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்கிற நிலையில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற ஒரு இலவச ஆலோசனை இடத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மறுபரிசீலனை நடக்கிற காலத்தில் பழைய தொகை வராது, புதிய முடிவுப்படிதான் வரும். வென்றால் விடுபட்டதைச் சேர்த்துத் தருவார்கள்.

அதிலும் முடியாது என்று பதில் கடிதம் வந்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் ட்ரிபியூனல் என்கிற மேல்முறையீட்டு மன்றத்துக்கு அப்பீல் செய்யலாம். அது டிடபிள்யூபியின் கீழ் இல்லை, ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கை தெரிந்த ஒருவர் என்று மூவர் இருப்பார்கள். கட்டணம் இல்லை. பிப் வழக்குகளில் விசாரணை வரை போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வென்றிருக்கிறார்கள், ஆனால் பலர் மறுபரிசீலனையோடு களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பீல் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள், மகனையோ மகளையோ நம்பிப் போக வேண்டாம், நான் செய்ததை ஏற்கனவே பார்த்தீர்கள்தானே. தமிழ் என்று எழுதும்போது இலங்கைத் தமிழ் என்றும் சேர்த்து எழுதுங்கள். "நோகுது", "ஏலாது" எல்லாம் வேறு ஊர்த் தமிழருக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம், அந்த அறையில் அம்மா சொல்லப் போவதில் பாதி அந்த இரண்டு சொல்தான்.