நிறமாலைமானி: நிறம் இல்லாத இடத்திலும்

சுங்கத்துறையினர், ரசாயன விபத்துக்கு விரையும் தீயணைப்புப் படையினர், மருந்து ஆலைக் கிடங்கில் மூலப்பொருளைச் சரிபார்ப்பவர்கள் எனப் பலரும் இப்போது கையில் எடுத்துச் செல்லும் கருவி ஒன்று உண்டு. இன்னதென்று தெரியாத வெள்ளைப் பொடியின் முன் அதை நீட்டினால், கொஞ்ச நேரத்தில் பொடியின் பெயர் திரையில் வந்துவிடும். ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர், தமிழில் நிறமாலைமானி. பள்ளி ஆய்வகத்தில் முப்பட்டகத்தை நடுவில் வைத்து, தொலைநோக்கிக் குழலைத் திருப்பித் திருப்பிக் கோணம் எடுத்தோமே, அந்தக் கருவிக்கும் இதே பெயர்தான். ஆனால் கையடக்கக் கருவி படிக்கும் ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாதது. நிறமே இல்லாத இடத்தில் நிறமாலை ஏது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

லத்தீனில் ஸ்பெக்ட்ரம் என்றால் தோற்றம். ஆவியுருவையும் அப்படிச் சொல்வார்கள். 'பார்' என்று பொருள்படும் ஸ்பெகெரெ என்ற வினை அதன் வேர். ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் ஸ்பெக்டர், மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ஸ்பெக்டகிள்ஸ், பார்வையாளரைக் குறிக்கும் ஸ்பெக்டேட்டர் எல்லாம் ஒரே குடும்பம். சன்னல் மறைப்பில் போட்ட துளை வழியே வந்த வெயிலை நியூட்டன் முப்பட்டகத்தால் பிரித்தார். எதிர்ச்சுவரில் நீளமாக விழுந்த வண்ணப் பட்டைக்கு, ராயல் சொசைட்டி இதழில் 1672-ல் வந்த கடிதத்தில் இந்தச் சொல்லை வைத்தார். ஆக, மூலச்சொல்லுக்குள் நிறம் கிடையாது. சுவரில் தெரிந்த தோற்றம், அவ்வளவே. மீட்டர் என்பது கிரேக்க மெட்ரான், அதாவது அளவு.

நிறத்தைச் சொல்லுக்குள் கொண்டுவந்தது தமிழ்தான். நிறம், மாலை, மானி மூன்றும் சேர்ந்தது இது. மாலை என்றால் தொடுத்தது, ஒழுங்காக வரிசைப்படுத்தியது. மணிமாலை, பாமாலை என்பதில் உள்ள அதே பொருள். அலைநீள வரிசையில் ஒளியைக் கோத்துக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மானி, வெப்பமானியில் வருவது. 'மானம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. அது வேண்டாம் என்பவர்கள் நிறமாலை அளவி என்று எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பெக்ட்ரத்துக்குத் திருசியம் என்ற சொல்லும் உண்டு. காணப்படுவது என்று பொருள் தரும் வடசொல் அது. லத்தீன் மூலத்துக்கு நிறமாலையைவிட நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்ணால் பார்க்க மட்டும் பயன்படுவது நிறமாலைநோக்கி, படமாகப் பதிவது நிறமாலைவரைவி. செய்தித்தாள்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

நிறமாலையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் வழக்கம் 1860 வாக்கில் வேரூன்றியது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் புன்சன், கிர்க்காஃப் என்ற இரு அறிவியலாளர்கள் சுடரில் தெரிந்த கோடுகளைக் கொண்டே சீசியம், ருபீடியம் என்ற புதுத் தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்து குண்டூரில் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனின் தீக்கொழுந்துகளை நிறமாலைநோக்கியால் பார்த்தார். ஹீலியத்தின் கதை தொடங்குவது அங்கேதான். அந்தக் காலத்துக்கு நிறமாலை என்ற பெயர் அச்சாகப் பொருந்தும். பார்த்தது உண்மையில் நிறங்களைத்தான்.

சிக்கல் பிறகு வந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தா பௌபஜார் தெருவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது வேறு வகை. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பகுதி வந்த அலைநீளத்திலேயே திரும்பும். கோடியில் ஒன்று என்னும் அளவில் சில ஃபோட்டான்கள் மட்டும், மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, மாறிய அலைநீளத்தில் வெளிவரும். அந்த மாற்றத்தின் அளவுதான் பொருளின் முத்திரை. வைரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பாய்ச்சினால் அதன் ராமன் கோடு ஏறக்குறைய 573-ல் மஞ்சளாக விழும். கையடக்கக் கருவிகளில் வழக்கமான 785 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் அதே கோடு 877-க்குப் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. நிறம் மாறிவிட்டது. இரண்டு சோதனையிலும் மாறாதது, சென்டிமீட்டருக்கு 1332 என்ற அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வித்தியாசம் மட்டும். அதாவது ராமன் நிறமாலையில் கோத்திருப்பவை நிறங்கள் அல்ல, வித்தியாசங்கள்.

அகச்சிவப்பு முறை அதே அதிர்வுகளை வேறு வாசல் வழியாகக் கேட்கிறது. அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்த அலைகளைப் பொருள் விழுங்குகிறது என்று பார்ப்பது அது. ஒன்றுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாமல் போவதும் உண்டு. கரியமில வாயுவில் இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் கார்பனை விட்டு விலகி நெருங்கினால் மின்சுமையின் மையம் நகராது. அகச்சிவப்பு அதைக் கவனிக்காது, ராமன் கவனிக்கும். ஒன்று நெருங்க மற்றது விலகினால் கதை தலைகீழ்.

களத்தில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ராமன் லேசர் கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் பை வழியாகவே வேலை செய்யும்; தண்ணீரும் அதற்குப் பெரிய தடையில்லை. ஆனால் பொருள் உடனொளிரும் வகையாக, அதாவது லேசர் பட்டதும் தானும் ஒளிர்வதாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் மெல்லிய ராமன் கோடுகள் மூழ்கிவிடும். கரிய பொடி லேசரில் சூடேறும். அது வெடிமருந்தாக இருந்தால் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அகச்சிவப்பில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் பையைத் திறந்து, பொடியை ஒரு சின்ன வைரப் பரப்பின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் தண்ணீரே மற்றதை மறைத்துவிடும். அதனால்தான் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடக்கினார்கள். தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் ஜெமினி அப்படிப்பட்டது. இரு முறையும் ஒரே பெயரைச் சொன்னால் நம்பலாம். ஆளுக்கொரு பெயர் சொன்னால் கலவையோ என்று சந்தேகிக்கலாம். எப்படியானாலும் கருவியின் நினைவில் இருக்கும் பட்டியலைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது.

இரண்டும் சேர்ந்தும் கைவிரிக்கும் பொருள் ஒன்று உண்டு: சமையல் உப்பு. அதன் படிக அமைப்பில் ராமன் கோடு சொல்லிக்கொள்ளும்படி எழாது. நடு அகச்சிவப்போ ஊடுருவிப் போய்விடும்; அதனால்தான் ஆய்வகங்களில் உப்புப் படிகத்தைச் சன்னலாகவே வைத்தார்கள். அதற்கு மூன்றாவது முறை வேண்டும். வலுவான லேசர்த் துடிப்பால் துளியளவு பொருளைப் பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாக்கி), அது உமிழும் ஒளியைப் படித்தால் சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள் பளிச்சென்று தெரியும். இதற்கு லேசர் தூண்டிய முறிவு நிறமாலையியல் என்று பெயர் வழங்குகிறது. முறிவது எது என்பதே அதில் விளங்கவில்லை. லேசர்ப் பொறி நிறமாலையியல் என்றால் போதும் என்பது என் கட்சி. 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3-ன் பிரக்யான் ஊர்தி கந்தகத்தைக் கண்டது இந்த முறையில்தான். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியில் உள்ள சூப்பர்கேம் என்ற கருவியோ லேசர்ப் பொறி, ராமன், அகச்சிவப்பு ஆகிய மூன்று முறைகளையும் தனக்குள் வைத்திருக்கிறது.

பெயருக்கு வருவோம். நிறம் இல்லாததால் நிறமாலையை விட்டுவிட்டு அலைமாலை என்று மாற்றச் சொல்கிறார்கள் சிலர். தேவையில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவார் யாருமில்லை. ஒளியே இல்லாமல் அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியைக்கூட நிறை நிறமாலைமானி என்றே பாடநூல்களில் படித்திருக்கிறோம். பல முறைகள் சேர்ந்த கருவிக்கு 'ஒருங்கிணைந்த' என்று ஒட்டவைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எதை எதோடு இணைத்தது என்று அது சொல்வதில்லை. இருமுறை நிறமாலைமானி, மும்முறை நிறமாலைமானி என்று எண்ணைச் சொல்லலாம். இடம் இருந்தால் ராமன்–அகச்சிவப்பு நிறமாலைமானி என்று முறைகளையே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. நிறமாலையையும் மானியையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.