ஒரு சிலிண்டர், நாலு பீப்பாய்

பெட்டி ஃப்ரீசரின் மூடியைத் திறந்தால் நாலு எஃகுப் பீப்பாய்கள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் 19 லிட்டர். ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்குக் கோலா பாகு சுமந்தவை. கம்பெனிகள் பிளாஸ்டிக் பைக்கு மாறியதும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வந்துவிட்டன. உள்ளே இருக்கும் பீரில் நுரை ஏற்ற, நாலுக்கும் சேர்த்து வெளியே சுவரோரம் ஒரே ஒரு கரியமில வாயு சிலிண்டர்.

கார் டயருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்றடிக்கிறோம். 20 டிகிரி வெப்பத்தில் இந்த சிலிண்டருக்குள் சுமார் 830 இருக்கும். பீருக்குப் போதுமானதோ 12 தான். குறைத்துத் தருவது ரெகுலேட்டர், நம் அடுப்படி சிலிண்டரின் தலையில் இருப்பதற்கு அண்ணன் முறை. அங்கே போலவே இங்கேயும் உள்ளிருப்பது பெரும்பாலும் திரவம். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் காட்டும் முள் இறங்காது. எவ்வளவு பாக்கி என்று தெரிய எடைதான் போட வேண்டும்.

ரெகுலேட்டரிலிருந்து வரும் குழாய் மேனிஃபோல்டு என்கிற கிளைக்குழாயில் நாலாகப் பிரிகிறது. அப்படியானால் ஆளுக்குக் கால்வாசி அழுத்தமா? இல்லை, பங்காவது வாயு மட்டும். அழுத்தம் நாலிலும் அதே 12. ஒரு பீப்பாய் வாயுவை உறிஞ்சி அழுத்தம் இறங்கினால் ரெகுலேட்டர் திறந்து ஈடுகட்டிவிடும்.

மேலே அழுத்தும் வாயு கூடினால் கரைவதும் கூடும் என்று 1803-இல் சொன்னவர் மான்செஸ்டரின் வில்லியம் ஹென்றி. குளிர்ச்சியும் கைகொடுக்கும். 3 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வைத்தால் ஒரு லிட்டர் பீரில் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரைகிறது. அதையே 20 டிகிரியில் கரைக்க 29 வரை ஏற்ற வேண்டும். பீரின் மேற்பரப்பு வழியாக மட்டுமே வாயு நுழைவதால் ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அவசரக்காரர்கள் பீப்பாயை உருட்டிக் குலுக்குவார்கள். நுரை அளவு மீறிப்போவதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். ஒன்றுக்கு மட்டும் நுரை கூட வேண்டுமென்றால் தனி ரெகுலேட்டர் போடுவதே வழி.

வெளியே 29-இல் தயாரான பீப்பாயை, 12 ஓடும் குழாயில் அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? வாயு பின்னோக்கிப் பாயும். பீர் கழுத்துவரை இருந்தால் நுரையும் கூடவே கிளம்பி ரெகுலேட்டர்வரை போய் ஒட்டும். இதைத் தடுக்கத்தான் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். கோலி சோடாவில் கோலி செய்வதும் இதே வேலைதான்: உள்ளேயிருந்து வாயு தள்ளத் தள்ள, வாய் இன்னும் இறுக அடைபடும்.

கசிவுக்கு மட்டும் இந்த வால்வு உதவாது. ஒரு பீப்பாயின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால், அந்த ஒன்றின் வழியாகவே சிலிண்டர் முழுவதும் காலியாகும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், ஃப்ரீசரின் அடியில் கிணற்று நீர் போலத் தேங்கி நிற்கும். துடைக்கக் குனியும்போது மூக்கில் சுரீரென்று சோடா ஏறினாற்போல் இருந்தால், தலையை வெளியே எடுத்து, முதலில் சிலிண்டரை மூடுங்கள்.