சுழலியை இறக்கும் முன் கடலைக் கேட்க வேண்டும்

சிங்கப்பூரில் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சூரியத் தகடுகள் போட நிலம் குறைவு, காற்றாலைக்கு வேண்டிய காற்றும் இல்லை. சுற்றிலும் கடல் இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் சராசரியாக 1.7 மீட்டர்தான். அணை கட்டி ஓத மின்சாரம் எடுக்க அது போதாது. மிஞ்சுவது நீரோட்டம். தென்தீவுகளுக்கு இடையே உள்ள குறுகலான வழிகளில் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். செந்தோசா நடைபாலத்தை ஒட்டி நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓடும் நீரில் சுழன்று மின்சாரம் தரும் சிறிய சுழலிகளைச் சோதித்துப் பார்த்தது அதனால்தான்.

நீரோட்டத்தின் வேகம் பாதியாகக் குறைந்தால் கிடைக்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பொறியாளர்கள் வேகம் அதிகமுள்ள இடத்தைத்தான் தேடுவார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கடலடியில் ஒட்டி வாழும் கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும் இரை தேடி எங்கும் போவதில்லை. ஓட்டம் கொண்டுவந்து கொடுப்பதைப் பிடித்துத் தின்று வாழ்பவை அவை. நமக்கு வேண்டிய இடமே பல நேரங்களில் அவற்றுக்கும் வேண்டிய இடமாக இருக்கிறது.

அப்புறம் வண்டல். சுழலி ஆற்றலை எடுத்துக்கொண்டால் அதன் பின்னால் தண்ணீர் சற்று மெதுவாகும், மெதுவானால் மண் படியும். 1960களில் நம் கடலுக்குள் 10 மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய நில மீட்புக்குப் பிறகு அது 2 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஏற்கெனவே வெளிச்சத்துக்குத் திணறும் பவளங்கள்மேல் இன்னும் கொஞ்சம் மண் விழுவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி ஒலி. நீரடி ஒலிவாங்கி ஒன்றை நம் பவளத்திட்டுகளுக்குப் பக்கத்தில் இறக்கினால், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்பு கேட்கும். அது சொடுக்கு இறாலின் வேலை. விரல் நீளம்கூட இல்லாத அந்த இறால், தன் பெரிய கொடுக்கைச் சட்டென்று மூடும்போது ஒரு நீர்த்தாரை பாய்கிறது. அந்த வேகத்தில் அழுத்தம் விழுந்து ஒரு குமிழி உருவாகிறது. குமிழி நசுங்கும் சத்தம்தான் நமக்குக் கேட்பது. கொடுக்கு மோதும் சத்தம் இல்லை. வெப்பமண்டலத்தின் ஆழமற்ற கடல்களில் 2 கிலோஹெர்ட்சுக்கு மேலே ஆதிக்கம் செலுத்தும் ஒலி இதுவே. அதற்குக் கீழே கப்பல்களின் உறுமல். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் ஆயிற்றே.

சுழலியின் முனகலும் பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில்தான் விழும், மீன்களில் பலவும் அங்கேதான் நன்றாகக் கேட்கும். பவளத்தின் குஞ்சுப்பருவ உயிரிகள்கூடத் திட்டின் ஒலியை நோக்கி நகர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே சுழலி எவ்வளவு சத்தம் போடுகிறது என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அது இல்லாதபோது அந்த இடம் எப்படி ஒலித்தது என்பது கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் பதிவு அதற்குப் போதாது. இறால்களின் சத்தம் பகலுக்கும் இரவுக்கும் மாறும், ஓட்டம் அமாவாசைக்கும் அட்டமிக்கும் மாறும், வடகிழக்குப் பருவமழையில் எல்லாமே மாறும். பக்கத்தில் சுழலி வராத ஓர் இடத்திலும் அதே பதிவைச் செய்துவந்தால்தான், பின்னால் தெரியும் மாற்றம் இயந்திரத்தால் வந்ததா, கடலே மாறியதா என்று பிரித்தறியலாம். இயந்திரம் இறங்கிய பிறகு பழைய நிலையை யாராலும் திரும்ப அளக்க முடியாது. இந்த வேலைக்குப் பணமும் காலமும் கேட்டால் தாமதம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியில் 2008இல் நிறுவிய 1.2 மெகாவாட் சீஜென் சுழலியை எடுத்துக்கொள்வோம். கடல்நாய்கள் அடிபடுமோ என்ற பயம் இருந்ததால், ஒலியை அனுப்பி எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைக் கண்டறியும் சோனாரில் ஏதாவது நெருங்குவது தெரிந்தாலே சுழலியை நிறுத்தினார்கள். தரவு சேரச் சேர, நிறுத்தவேண்டிய தூரத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் கடலில் கடல்நாய் கிடையாது. இங்கே இருப்பவை ஆவுளியா என்ற கடற்பசுவும், ஓங்கில் என்ற டால்பினும், அழுங்காமை என்ற கடலாமையும்.

முதலில் அளந்து பிறகு இறக்குவதில், நிலம் போதாமல் நாம் தண்ணீரில் மிதக்கவிட்ட சூரியத் தகடுகளில் நமக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறந்த 60 மெகாவாட் நிலையத்துக்கு முன்பே சோதனைத் தளம் அமைத்து, நீரின் தரத்தையும் உயிரினங்களையும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வெளிச்சமும் காற்றும் இறங்கத் தகடுகளுக்கு இடையே இடைவெளி விட்டார்கள், ஆக்சிஜன் குறையாமலிருக்கக் காற்றூட்டிகளும் வைத்தார்கள்.

கடலில் அதே தகடு வேறு கதை. உட்லண்ட்ஸுக்கு எதிரே ஜொகூர் நீரிணையில் 5 ஹெக்டரில் மிதக்கும் நிலையத்தில் 13,312 தகடுகளும் 30,000க்கும் அதிகமான மிதவைகளும் இருக்கின்றன. சிப்பி, பாசி போல எதன்மேலாவது ஒட்டி வளரும் ஒட்டுயிரிகளுக்கு ஒவ்வொரு மிதவையும் ஒரு வீட்டுமனை. தென்னமெரிக்கச் சிப்பி ஒன்று 2016 முதல் இந்த நீரிணையில் தென்பட்டு, மீன்பண்ணைகளின் வலைகளில் கொத்துக் கொத்தாகத் தொற்றிப் படர்ந்தது. இப்படிப்பட்டவை சேரச் சேர மிதவை கனக்கும். சுரண்டித் தள்ளினால் அடியில் அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும். விஷப் பூச்சு அடித்தால் அது மற்ற உயிர்களையும் தாக்கும்.

உட்லண்ட்ஸ் படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அங்கிள் என்னிடம், "தம்பி, அந்த மிதவைக்குக் கீழே மீன் நிறையத் தங்கும்தானே, நல்லதுதானே?" என்றார். தங்கும் அங்கிள், நிழலும் இரையும் இருப்பதால் கட்டாயம் தங்கும் என்றேன். ஆனால் புதிதாக மீன் பெருகியதா, சுற்றுவட்டாரத்து மீன்தான் அங்கே கூடியதா என்று தெரிய, மிதவைக்கு அடியிலும் தள்ளியுள்ள இடங்களிலும் ஒரே முறையில் எண்ண வேண்டும். கலங்கிய நீரில் கேமரா உதவாது. சோனாரை வைத்தும், தண்ணீரில் மீன்கள் விட்டுச்செல்லும் மரபணுத் துணுக்குகளை வடிகட்டிப் பார்த்தும்தான் எண்ண முடியும்.